யோக்கியதைக்கு நிறம் உண்டா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க தேசத்துப் பந்து விளையாட்டுக்காரர் ஒருவருடைய வாழ்க்கை என்று தலைவரவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டீர்கள். விளையாட்டைப் பற்றிப் பேசவா இவ்வளவு பேரைக் கூட்டினார்கள் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. ஆனால் நாம் பொழுதுபோக்குப் பேச்சுப் பேச வரவில்லை. ஒரு மனிதனுக்கு யோக்கியதை இருக்கிறதா இல்லையா என்பதை அவனுடைய பிறப்பைக் கேட்டு முடிவு செய்வதா, அல்லது அவனுடைய வேலையைப் பார்த்து முடிவு செய்வதா என்கின்ற விஷயத்தைப் பேசவே வந்திருக்கிறோம். அதற்கு விளையாட்டைவிட நல்ல உரைகல் கிடையாது. ஏனெனில் படிப்பிலும் உத்தியோகத்திலும் யோக்கியதை இன்னதுதான் என்று ஆளுக்கொரு வியாக்கியானம் செய்துவிடலாம். எறிந்த பந்தை எதிரி அடித்தானா, அடிக்கவில்லையா என்பதில் வியாக்கியானத்துக்கு இடம் ஏது? ஆயிரக்கணக்கான பேர் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

நாம் சொல்லப்போகிறவருடைய பெயர் லீராய் ராபர்ட் பெய்ஜ். உலகம் அவரைச் சாட்சல் பெய்ஜ் என்று அழைத்தது. பேஸ்பால் என்னும் விளையாட்டில் பந்து எறிவதே அவருக்கு ஜீவனமாய் இருந்தது.

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாததால் அதைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கோஷ்டிக்கு ஒன்பது பேர். பந்தெறிபவர் ஒரு மண்மேட்டின்மேல் நிற்பார். அங்கிருந்து 60 அடி 6 அங்குல தூரத்தில் மட்டைக்காரர் நிற்பார். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பி வருவது வழக்கம். இதில் தரையில் படாமல் நேராக வரவேண்டும். மட்டைக்காரர் சரியாக எறியப்பட்ட பந்தை மூன்று முறை தவறவிட்டால் வெளியே போகவேண்டியதுதான். எறிபவர் எல்லைக்கு வெளியே நான்கு முறை எறிந்து, மட்டைக்காரரும் அவற்றை அடிக்கப் போகாமல் விட்டுவிட்டால் அவருக்குச் சும்மாவே ஒரு தளம் கிடைத்துவிடும். ஆகவே வேகமும் வேண்டும், குறியும் வேண்டும், எதிரியை ஏமாற்றும் யுக்தியும் வேண்டும். கோஷ்டியின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு இந்த ஒருவர் கையில் இருக்கிறது.

பெய்ஜ் 1906ம் வருஷம் ஜூலை மாதம் 7ந் தேதி அலபாமா மாகாணத்தில் மொபீல் என்னும் துறைமுகப் பட்டணத்தில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் தோட்ட வேலை செய்தவர். தாயார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். சிறுவயதிலேயே ரயிலடிக்குப் போய்ப் பிரயாணிகளின் பைகளைத் தூக்கிச் சில்லறை சம்பாதித்தார். ஒவ்வொரு பையாகத் தூக்கினால் என்ன மிஞ்சும்? ஒரு கம்பில் கயிற்றைக் கட்டிப் பல பைகளை ஒரே நடையில் சுமந்தாராம். சாட்சல் என்றால் பை என்று அர்த்தம். அந்தப் பட்டப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றினார், கடையில் சில்லறைச் சாமான் திருடினார் என்பதற்காக அவரை மவுண்ட் மெய்க்ஸ் என்ற இடத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1918ல் போனவர் 1923 கடைசியில்தான் வெளியே வந்தார். அற்பத் திருட்டுக்கு ஐந்தரை வருஷம்! ஆனால் அங்கே எட்வர்ட் பேர்ட் என்ற ஆசிரியர் அவருக்குப் பந்தெறியும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். காலை உயரத் தூக்கிப் பந்தை மறைப்பது எப்படி, மட்டைக்காரருடைய முழங்காலைக் கவனித்து அவர் பலவீனத்தைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதையெல்லாம் பையன் அங்கேதான் கற்றுக்கொண்டான். இதைச் சிலர் கடவுள் கொடுத்த வரம் என்பார்கள். வேறு சிலர் தலையெழுத்து என்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் சொல்லிக் கொடுத்தார், மற்றொருவர் பழகினார், கை வந்தது. இதில் தலையெழுத்துக்கு என்ன வேலை?

நிற்க, 1926ல் பெய்ஜ் சட்டனூகா என்ற ஊர்க் கோஷ்டியில் சம்பளத்துக்குப் பந்தெறிய ஆரம்பித்தார். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் இரண்டாக இருந்தது. பணமும் பெயரும் பத்திரிகைப் புகழும் உள்ள பெரிய லீக்குகள் வெள்ளையருக்கு மட்டும். 1884ல் டோலிடோ ஊர்க் கோஷ்டியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் ஒருவர் ஆடினார். அவரும் அவர் தம்பியும் போனபிறகு 1947 வரையில், அதாவது 63 வருஷ காலம், கறுப்பர் என்று தெரிந்த எவரும் பெரிய லீக்கில் கால் வைக்க முடியவில்லை.

சட்டம் போட்டா தடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. பெரிய லீக்கின் விதிப் புத்தகத்தில் கறுப்பரைச் சேர்க்கக்கூடாது என்று எந்த வரியும் இருக்கவில்லை. 1920 முதல் 1944 வரை அந்த விளையாட்டுக்கே அதிகாரியாக இருந்த லாண்டிஸ் என்ற நீதிபதி, 1942ல் பகிரங்கமாக ஓர் அறிக்கை விட்டார். கறுப்பரைச் சேர்க்கக்கூடாதென்று எழுதிய விதியும் இல்லை, எழுதாத விதியும் இல்லை என்பது அதன் சாரம். விதி இல்லை; ஆனால் ஒரு கறுப்பரும் உள்ளே இல்லை! சட்டம் என்றால் அதை எடுத்துக் கிழிக்கலாம், கோர்ட்டில் வழக்காடலாம். வழக்கம் என்று சொல்லிவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது? முதலாளியைக் கேட்டால் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்பார். ஆட்டக்காரரைக் கேட்டால் முதலாளி சேர்க்கவில்லை என்பார். அதிகாரியைக் கேட்டால் விதியே இல்லையே என்பார். இப்பேச்சை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல.

வாசல் அடைக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1920ல் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பர், தாமே சிறந்த பந்தெறிபவராய் இருந்தவர், கன்ஸாஸ் சிட்டியில் கோஷ்டி முதலாளிகளைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக் என்னும் தனி அமைப்பை உண்டாக்கினார். பெய்ஜ் பர்மிங்காமிலும், பிட்ஸ்பர்கிலும், பிறகு கன்ஸாஸ் சிட்டியிலும் இப்படிப்பட்ட கோஷ்டிகளில்தான் ஆடினார். அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பகலில் ஆட்டம், இரவில் பஸ் பிரயாணம். ஆடப்போன ஊரில் பல ஹோட்டல்களில் படுக்க இடம் கொடுக்கமாட்டார்கள். சாப்பாட்டுக் கடைகளில் உட்காரவிடமாட்டார்கள். அவர்கள் பந்தெறிவதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கக்கூடாது! இது என்ன நாகரிகம் என்று நமக்கு விளங்கவில்லை.

பெய்ஜுக்கு உண்மையில் திறமை இருந்ததா, அல்லது கறுப்பரோடு ஆடியே பெயர் வாங்கினாரா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் அத்தாட்சி இருக்கிறது. பெரிய லீக்கின் பருவம் முடிந்த பிறகு வெள்ளை ஆட்டக்காரர்கள் வரும்படிக்காக ஊர் ஊராகப் போய்க் கறுப்புக் கோஷ்டிகளோடு காட்சி ஆட்டம் ஆடுவதுண்டு. 1934ல் பெரிய லீக்கில் 30 ஆட்டங்களை ஜெயித்த டிஸ்ஸி டீன் என்ற வெள்ளைப் பந்தெறிபவர் பெய்ஜோடு இப்படி எதிர்த்து ஆடினார். ஆடிவிட்டு, பெய்ஜைப்போல் எறிபவரைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். 1936ல் ஜோ டிமாஜியோ என்ற பேர்பெற்ற மட்டைக்காரர் பெரிய லீக்குக்குப் போகுமுன் கலிபோர்னியாவில் பெய்ஜுடைய பந்தை எதிர்த்தார். தாம் எதிர்த்தவர்களுக்குள் பெய்ஜே மேலானவர் என்று அவரும் பின்னால் சொல்லியிருக்கிறார். 1946ல் பாப் ஃபெல்லர் என்ற மற்றொரு பெரிய லீக் பந்தெறிபவர், பெய்ஜின் கோஷ்டியும் தம் கோஷ்டியும் மோதுவதற்கென்றே ஆகாய விமானங்களை அமர்த்திக்கொண்டு தேச முழுவதும் சுற்றினார். ஆகவே திறமை தெரியாமல் இருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இரண்டு நிறத்தாரும் சேர்ந்து ஆடினால் கலகம் வரும் என்பது மற்றொரு சாக்கு. அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. வடக்கு டகோட்டாவில் பிஸ்மார்க் என்னும் சிறிய ஊரில் மோட்டார் வியாபாரி ஒருவர் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே கோஷ்டியாகச் சேர்த்தார். பெய்ஜும் அதில் இருந்தார். 1935ல் விச்சிட்டாவில் நடந்த தேசியப் பந்தயத்தில் அந்தக் கோஷ்டியே முதற்பரிசு பெற்றது. வானம் இடிந்து விழவில்லை, பூமியும் பிளக்கவில்லை. ஆனாலும் அதே ஊரில் பெய்ஜுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பாரில்லாமல் ஒரு பழைய ரயில் பெட்டியில் குடியிருக்க நேர்ந்ததாக அவருடைய வரலாற்றில் காண்கிறோம். ஊருக்குப் பரிசு வாங்கிக் கொடுக்க அவர் கை வேண்டும். படுக்க மட்டும் அவருக்கு வீடு கிடையாது!

தோழர்களே! ஒருவனைக் குளத்தில் இறங்கவிடாமல் கரையிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, இவனுக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லுவது ஒரு அயோக்கியத்தனம். அவன் பக்கத்து ஆற்றில் நீந்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் அப்படியே சொல்லுவது இரட்டை அயோக்கியத்தனமாகும். பெய்ஜ் விஷயத்தில் நடந்தது இரண்டாவதுதான்.

1938ல் மெக்ஸிகோவில் ஆடும்போது பெய்ஜுக்குக் கைவலி வந்து தோளைத் தூக்கவே முடியாமல் போயிற்று. இனி இவர் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கன்ஸாஸ் சிட்டி மோனார்க்ஸ் கோஷ்டியின் முதலாளி வில்கின்ஸன் என்பவர் ஒரு வெள்ளையர். அவர் பெய்ஜைத் தம் இரண்டாந்தரக் கோஷ்டியில் சேர்த்து ஊர் ஊராக அனுப்பினார். வேகம் போனபடியால் பெய்ஜ் மெதுவான பந்துகளையும் வளையும் பந்துகளையும் பழகிக்கொண்டார். காலக்கிரமத்தில் கைவலி தீர்ந்து வேகமும் திரும்பிற்று. 1942ல் கறுப்பர் லீக்குகளின் பெரும் பந்தயத்தில் மோனார்க்ஸ் கோஷ்டி ஹோம்ஸ்டெட் கிரேஸ் கோஷ்டியைத் தோற்கடித்தபோது முன்னணியில் நின்றவர் அவரே.

பிறகு 1945ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பு வாலிபரை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15ந் தேதி ராபின்ஸன் பெரிய லீக் மைதானத்தில் இறங்கினார். அவர் 1945ல் பெய்ஜுடைய கோஷ்டியிலேயே ஆடியவர். இருபது வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நம்மை விட்டுவிட்டு நேற்று வந்தவரை அழைத்தார்களே என்று பெய்ஜ் மனம் நொந்தார். அது மனித சுபாவம். ராபின்ஸன் வந்தது சரிதான், அவர் பட்ட அவமானங்களும் கொஞ்சமல்ல. ஆனால் கதவைத் தாமதமாகத் திறந்ததற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜாஷ் கிப்ஸன் என்ற மகா சமர்த்தரான மட்டைக்காரர், கறுப்பர் லீக்கில் பெய்ஜுக்குச் சமமான பெயர் பெற்றவர், 1947 ஜனவரி மாதம் 35வது வயதில் இறந்துபோனார். கதவு திறந்தது ஏப்ரலில்! இடையில் மூன்று மாதம்.

பெய்ஜுடைய முறை 1948ல் வந்தது. கிளீவ்லண்ட் கோஷ்டியின் முதலாளி பில் வீக், பெய்ஜின் 42வது பிறந்த நாளன்று அவரை ஒப்பந்தம் செய்தார். இது விளம்பரத்துக்காகச் செய்த காரியம், பெய்ஜ் வெள்ளையராய் இருந்திருந்தால் இந்த வயதில் எவரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒரு பிரபல விளையாட்டுப் பத்திரிகாசிரியர் எழுதினார். அதற்கு வீக் கொடுத்த பதில் என்ன தெரியுமா? பெய்ஜ் வெள்ளையராய் இருந்திருந்தால் 25 வருஷத்துக்கு முன்பே பெரிய லீக்குக்கு வந்திருப்பார், இந்தக் கேள்வியே எழுந்திராது என்பதாகும். இதைவிடச் சரியான பதில் நமக்குத் தோன்றவில்லை.

அந்தக் கிழவர், அப்படித்தான் அவரைச் சொன்னார்கள், என்ன செய்தார்? ஆகஸ்டு 20ந் தேதி இரவு கிளீவ்லண்ட் மைதானத்தில் 78,382 பேர் பார்த்திருக்க, சிகாகோ கோஷ்டிக்கு ஒரு ஓட்டங்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில் தோல்வி. பருவ முடிவில் கிளீவ்லண்டும் பாஸ்டனும் சமமாக நின்று, ஒரே ஒரு ஆட்டத்தால்தான் கிளீவ்லண்ட் முந்தியது. பெய்ஜின் ஆறு வெற்றிகளில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த வருஷத்து உலகப் பட்டம் கிளீவ்லண்டுக்கு வந்திராது. அப்போதும் தொல்லை விடவில்லை. காலை ஊன்றிய பிறகு கையை ஒரு கணம் நிறுத்தி எறிவது அவருடைய யுக்திகளில் ஒன்று. மட்டைக்காரர்கள் ஏமாந்தார்கள். உடனே லீக்கின் தலைவர் அது செல்லாது என்று உத்தரவு போட்டுவிட்டார்!

நாம் பெய்ஜை ஒரு மகானாக்க வரவில்லை. அவரிடம் குறைகளும் இருந்தன. அதிகப் பணம் கிடைத்தால் ஒப்பந்தத்தை நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவார். 1937ல் டொமினிக்கன் தேசத்துச் சர்வாதிகாரியின் பெயர் கொண்ட பட்டணத்துக் கோஷ்டிக்கு ஆட, தம் கோஷ்டியைக் கைவிட்டுப் போனார். ஆட்டத்துக்கு நேரத்தில் வரமாட்டார். தம்மைப் பற்றிக் கட்டுக்கதைகளை அள்ளிவிடுவார். தம் பிறந்த தேதி எழுதியிருந்த பைபிளை ஆடு தின்றுவிட்டது, ஆகவே வயது யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேதப் புத்தகத்தை ஆடு தின்றது; ஆனால் மொபீல் சுகாதார ஆபீசில் பிறப்புப் பதிவேடு இருந்தது! அதில் பார்த்து வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கதையை நம்புவதா, கணக்கை நம்புவதா என்று வரும்போது கணக்கையே நம்ப வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம். அவரைப் பற்றி அற்புதக் கதைகள் நூறு இருக்கின்றன. நமக்கு அவை வேண்டியதில்லை. நடந்ததே போதும்.

1965ல் அவருக்கு 59 வயது. கன்ஸாஸ் சிட்டி கோஷ்டியின் முதலாளி வேடிக்கைக்காக அவரை அழைத்து, மைதான ஓரத்தில் ஓர் ஆடும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெய்ஜ் எழுந்து போய்ப் பாஸ்டன் கோஷ்டிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஓட்டம் ஒன்றுமில்லை, அடி ஒன்றே ஒன்று. பெரிய லீக்கில் அந்த வயதில் ஆடியவர் வேறு யாருமில்லை. இப்படிப்பட்டவருக்கு, பெரிய லீக்கில் இருந்த நாட்கள் போதவில்லை என்று ஓய்வூதியம் கிடைக்காமல் இருந்தது. உள்ளே விடாமல் தடுத்தவர்களும் அவர்களே; உள்ளே இருந்த நாள் குறைவு என்று கணக்குச் சொன்னவர்களும் அவர்களே. கடைசியில் 1968ல் அட்லாண்டா கோஷ்டியார் குறைந்த நாட்களைச் சரிக்கட்டுவதற்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

1971ல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரிலுள்ள பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் அவரைச் சேர்க்க முடிவு செய்தார்கள். எப்படித் தெரியுமா? முதலில், கறுப்பர் லீக்கில் ஆடியவர்களுக்குத் தனிப் பகுதி என்றார்கள். சாகாப் புகழ் கொடுக்கும் இடத்திலும் தனிப் பந்தி! ஜனங்கள் கண்டித்தார்கள். பிறகுதான் தனிப் பகுதியை விட்டுவிட்டு ஆகஸ்டு மாதம் மற்றவர்களோடு சமமாக அவரைச் சேர்த்தார்கள். 1982ல் அவர் இறந்தார். 2020ல் பெரிய லீக்கின் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான கறுப்பர் லீக்குகளையும் பெரிய லீக்குகளாகவே மதிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. 2024ல் அந்தக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில், வாழ்நாள் முழுவதும் மட்டை அடித்த சராசரியில் முதலிடம் டை காப் என்ற வெள்ளையரை விட்டுச் செத்துப்போன ஜாஷ் கிப்ஸனுக்கு வந்தது.

தோழர்களே! கணக்குத் திருத்தப்பட்டதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் கணக்கைத் திருத்தலாம், காலத்தைத் திருத்த முடியுமா? பெய்ஜுடைய கை இருபதிலும் முப்பதிலும் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெரிய லீக்கார் பார்க்கவே இல்லை. 42 வயதில் மிச்சம் இருந்ததைத்தான் பார்த்தார்கள். அந்த 22 வருஷத்தை எந்த மண்டபத்திலும் எந்தப் புத்தகத்திலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே, யாராவது உங்களிடம் வந்து இன்ன கூட்டத்தாருக்கு இன்ன வேலைக்கு யோக்கியதை இல்லை என்று சொன்னால், நீங்கள் கோபிக்க வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் கையில் என்றைக்காவது பந்தைக் கொடுத்துப் பார்த்தாயா என்று கேளுங்கள். கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறவர் பேச்சைப் பொறுமையாய்க் கேட்கலாம். கொடுக்காமலே சொல்லுகிறவர் பேச்சுக்கு ஒரு மதிப்பும் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்பதை நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள் என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுகிறோம்.